யாரைக் கேட்டு? பிரசவம், தாய்மை, பெண்ணின் முடிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போய்ப் பிரசவம் பற்றிப் பேசுவது சில வருடங்களாக என் வேலைகளில் ஒன்று. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், பெண்ணியத்தில் நம்பிக்கை உள்ளவள்.

பெண்ணியவாதிகள் வீட்டுப் பிரசவத்தை ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா?

இரண்டும் நடந்திருக்கிறது. 1914 வாக்கில் அமெரிக்காவில் பெண் உரிமைக்காகப் போராடியவர்களில் பலர் பிரசவத்தில் மயக்க மருந்து வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். மார்ஃபினும் ஸ்கோபலமினும் கலந்து போடுவார்கள். வலியின் நினைவே இருக்காது. ஆனால் அந்த மருந்தில் பெண்கள் தன்னிலை மறந்து கத்துவார்கள் என்பதால், பின்னாளில் கட்டிலோடு கட்டிவைப்பது ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகிப்போனது. எழுந்த பிறகு அவர்களுக்கு அது தெரியாது. 1970களில் அவர்களுடைய பேத்திகளின் தலைமுறை இதற்கு நேரெதிராகப் போராடியது. எங்களை மயக்காதீர்கள், படுக்க வைத்து வெட்டாதீர்கள், வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள்.

பாட்டி மருந்து கேட்டாள், பேத்தி மருந்து வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: என் உடம்பில் நடப்பதற்கு என் சொல் செல்ல வேண்டும். பிரசவம் எந்த இடத்தில் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தமிழ்நாட்டில் வீட்டில் பெற்றுக்கொள்ள ஒரு பெண் ஆசைப்பட்டால் அதுவும் அவள் முடிவுதானே?

அவள் முடிவு என்றால் மதிக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் சமீப வருடங்களில் "இயற்கைப் பிரசவம்" என்ற பெயரில் பரவியதை யார் பரப்பினார்கள் என்று பாருங்கள். மேடையில் பேசியவர்களில், வீடியோ போட்டவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். தடுப்பூசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று கணவன்மார்கள் கேட்டு நம்பி வீட்டில் வந்து சொன்னார்கள்.

2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயது ஆசிரியை ஒருவர் அப்படித்தான் இறந்தார். யூடியூப் பார்த்து கணவரும் நண்பர்களும் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் திறந்திருக்கிற ரத்தக்குழாய்கள் மூடும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அது இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். எந்தக் குறையும் இல்லாமல் பத்து மாதம் ஓடிய பெண்ணுக்கும் இது வரலாம், முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஆஸ்பத்திரியில் குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். அந்த ஊசி கையில் இல்லாத, அதைப் போடத் தெரியாத ஆட்கள் சுற்றி நிற்கிற பிரசவத்தை நான் பெண் விடுதலை என்று சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தில், நெதர்லாந்தில் எல்லாம் வீட்டில் பெறுகிறார்களே?

பெறுகிறார்கள். ஆனால் அங்கே வீட்டுக்கு வருவது பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலி. ஊசி, ஆக்சிஜன், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவி எல்லாம் கையோடு வரும். சிக்கல் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது முன்பே முடிவாகியிருக்கும்.

2011இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெரிய ஆய்வு இந்தப் பேச்சுக்குத் தெளிவு தந்தது. ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் குழந்தைக்கு ஆபத்து ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டில் பெற்றவர்களுக்கு ஆபரேஷனும், பிறப்புவாயில் போடும் வெட்டும் குறைவு. தலைப்பிரசவத்தில் கணக்கு மாறுகிறது. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு 5.3 பிரசவங்களில் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு, வீட்டைத் தேர்ந்தவர்களில் 9.3. அதோடு, வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரைப் பாதியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

நல்ல ரோடும், கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸும், செவிலியும் உள்ள நாட்டிலேயே இப்படி. அங்கே அந்தப் பெண்ணிடம் இந்த எண்களைச் சொல்லி, பிறகு "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்கிறார்கள். நம்மூரில் வீட்டுப் பிரசவத்தைப் பரப்புகிறவர்கள் எண்ணைச் சொல்வதில்லை, ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் விருப்பத்தைக் கேட்பதில்லை.

எங்க அப்பத்தா ஒன்பது பிள்ளை வீட்டில்தானே பெத்தாங்க?

என் அம்மாச்சி ஏழு பெற்றார். நிலைத்தது மூன்று. அவரும் உங்கள் அப்பத்தாவும் பிழைத்ததால்தான் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். பிழைக்காதவர்களின் பேத்திகள் பிறக்கவே இல்லை.

அம்மாச்சி சொன்ன பிரசவக் கதை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பின்கட்டு. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். மருத்துவச்சி பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கி, விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவாராம். "அவ கை பட்டா பாதி வலி போயிரும்" என்பார். குந்தி உட்காருவது, பின்னால் ஒரு பெண்ணின் கை, பயப்படாதே என்ற சொல் எல்லாம் சரிதான் என்று இன்றைய மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது.

அதே கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த மருத்துவச்சி நாவிதர் சாதிப் பெண். அம்மாச்சியை விட வயதில் மூத்தவர், ஆனால் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். முன்வாசல் வழியாக வர முடியாது. ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு, அந்தத் தீட்டை அள்ளிக் கழுவும் வேலை அவருக்கு. கூலி படி நெல்லும் பழைய சேலையும். பாரம்பரியப் பிரசவத்தைப் பற்றி உருகுகிற எழுத்துகளில் இந்தப் பெண் வருவதே இல்லை. அவரிடம் இருந்த கைவேலையை எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்கள், அவரை எங்கே உட்கார வைத்தோம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வீட்டில் பெற்றால் கேஸ் போடுவார்களா? பிறப்புச் சான்றிதழ் கிடைக்காதா?

வீட்டில் பிள்ளை பெற்றதற்காகத் தாயைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு என்று எதுவும் இல்லை. தகுதியில்லாதவர்கள் பிரசவம் பார்த்து உயிர் போனால் அவர்கள்மேல் வழக்கு வரும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் நடந்த பிறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும், அது வீட்டுத் தலைவர் என்று இருப்பவரின் பொறுப்பு. தமிழ்நாட்டில் இப்போது கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணைக் கேட்கிறார்கள். கர்ப்பம் தெரிந்ததும் உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியிடம் பதிந்து அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். எங்கே பெறுவதாக இருந்தாலும் சரி.

தாயோ தகப்பனோ எடுத்த முடிவுக்காகக் குழந்தையின் சான்றிதழை இழுத்தடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் பெறுகிறார்கள். பிறகு என்ன குறை?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, ரத்த வங்கி, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஏன் என்று விசாரிக்கும் ஏற்பாடு, இவையெல்லாம் சேர்ந்து செய்தது இது. இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. என் அம்மாச்சி காலத்துப் பெண்களுக்கு இது கனவு.

குறையைச் சொல்ல என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். 2014இல் என் முதல் பிரசவம். வலி வந்து மேசையில் மல்லாக்கப் படுத்திருந்தேன். கத்தினேன். ஆயாம்மா தொடையில் ஒரு அடி போட்டு, "புருசன்கூடப் படுக்கும்போது சுகமா இருந்துச்சுல்ல, இப்ப எதுக்குக் கத்துற?" என்றார். பக்கத்து மேசைக்காரியும் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். கீழே வெட்டியதும் தெரியும், தைத்ததும் தெரியும். அம்மா வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

ஆறு வாரம் கழித்துச் சுகாதாரச் செவிலி வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தார். ஓரத்தில் நீல மையில் ஒரு சின்ன முத்திரை. "காப்பர்-டி போட்டிருக்காங்களே, நூல் பாத்தீங்களா?" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். குழந்தை வெளியே வந்த கையோடு அந்தக் கருத்தடைச் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

அந்த ஆயாம்மாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே இரவில் எத்தனையோ பிரசவம், ஆள் பற்றாக்குறை, ஒப்பந்தக் கூலி, நிற்க நேரமில்லாத வேலை. அவரை யாரும் மரியாதையாக நடத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அடி விழுந்தது என் தொடையில். இதற்கு உலகில் "மகப்பேறு வன்முறை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2007இல் வெனிசுவேலா அதைச் சட்டத்திலேயே எழுதியது. பெயர் தெரிந்த பிறகுதான் அது எனக்கு நேர்ந்த தலைவிதி இல்லை, எனக்குச் செய்யப்பட்ட தவறு என்று புரிந்தது.

சிசேரியனைப் பெண்களே கேட்டு வாங்குகிறார்களே, அது பெண்ணின் தேர்வு இல்லையா?

சிலர் கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேலே நான் சொன்ன மேசையை நினைத்துப் பாருங்கள். வலிக்கு மருந்து கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது, கத்தினால் ஏச்சு. முதுகில் போடும் மரப்பு ஊசி நம் அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவத்துக்குக் கிடைப்பது அரிது. அப்படியொரு சுகப்பிரசவத்துக்குப் பயந்து ஆபரேஷனைக் கேட்பவளிடம் இருப்பது இரண்டு பயங்களுக்கு நடுவில் ஒன்றைப் பொறுக்கும் நிலை.

மேலே சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. தனியாருக்குப் போன பெண்களில் பத்துக்கு ஆறு பேரின் உடம்பு தானாகப் பிள்ளை பெறத் தெரியாமல் போய்விட்டதா? டாக்டரின் நேரம், பில், ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரம், முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன் என்ற வழக்கம் எல்லாம் இதில் இருக்கிறது. தேவைப்படும்போது சிசேரியன் உயிரைக் காக்கிறது. அதனால்தான் சிசேரியனில் பெற்றவளைப் பார்த்து "வலி தெரியாமப் பெத்தவ" என்று சொல்வதை நான் வெறுக்கிறேன். அடுக்கடுக்காக வெட்டித் தைத்த வயிற்றோடு மூன்றாம் நாள் பாத்திரம் கழுவப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்குக் கணவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமா?

18 வயது நிறைந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணுக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது தாயின் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாது என்றால் கணவருடையது எப்படிச் செல்லும்?

கருக்கலைப்புக்கும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும்கூட கணவர் கையெழுத்து விதியில் இல்லை. ஆனால் நடைமுறையில் கேட்பார்கள். "நானே போடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஏன் பெண்ணுக்கு ஆபரேஷன்?

தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத, சில நிமிட வேலை. "அவர் வெயிட் தூக்குற வேலைக்குப் போறவர்" என்று மனைவிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களும் செங்கல் தூக்கப் போகிறவர்கள்தான்.

இதில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. 1930 வாக்கிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதும்போது, மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் அதை ஆதரிக்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகவே ஆதரிக்கிறோம் என்ற கருத்தை வைத்தார். பிள்ளை பெறுவதே பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்றால் பெறாமலே இருக்கலாம் என்ற அளவுக்குப் போனார். அரசு எடுத்துக்கொண்டது அந்தக் காரணத்தை அல்ல. மக்கள்தொகைக் கணக்கு, மாத இலக்கு, முகாம் என்றுதான் அது நடந்தது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து முகாம் முறையையே கைவிடச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

கருக்கலைப்பு சட்டப்படி என் உரிமையா?

1971ஆம் ஆண்டுச் சட்டம் டாக்டருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டம். கருக்கலைப்பு இன்னும் குற்றவியல் சட்டத்தில் குற்றம்தான், தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடங்குவாள். 1971 சட்டம் அதற்கு விதிவிலக்கு தருகிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். 2021 திருத்தத்தின்படி, குறிப்பிட்ட சூழ்நிலைகளில் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை செய்யலாம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் அதே 24 வாரம் பொருந்தும் என்றது. கணவன் பலாத்காரத்தில் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்துக்கு மட்டும் பாலியல் வன்கொடுமையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கு இந்த அளவுகூட இல்லை. அங்கே 1883ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் அனுமதிக்கிறது.

பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதும் தேர்வு என்று சொல்வீர்களா?

இந்தக் கேள்வியை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர்தான் முதலில் என்னிடம் கேட்டார். 1980களில் அந்த ஊர்ப் பெயர் நாடெங்கும் எதற்காக அடிபட்டது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கள்ளிப்பால் கொடுத்த கை பெண்ணின் கைதான். ஆனால் மூன்றாவதும் பெண் என்றால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், வரதட்சணைக்கு நிலம் போய்விடும் என்ற நெருக்கடியில் இருந்தவள் எதைத் தேர்ந்தாள்?

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994இல் கருவின் பாலினம் பார்ப்பதற்குத் தடைச்சட்டம் வந்தது. பாலினம் சொல்வதைத் தடுப்பதை ஆதரிக்கிறேன். அதைக் காட்டிக் கருக்கலைப்பையே மறுப்பதை எதிர்க்கிறேன். சில மருத்துவமனைகள் "எதுக்கு வம்பு" என்று எல்லோரையும் திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவள் பெண் சிசுவைக் காப்பாற்றப் போவதில்லை, கண்ட கண்ட ஆளிடம்தான் போவாள்.

தாய்மை புனிதம் இல்லையா?

நான் என் பிள்ளைகளை உயிராக நேசிக்கிறேன். ஆனால் புனிதம் என்ற சொல் எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறேன். தூக்கமில்லை, முடியவில்லை, அழுகையாக வருகிறது என்று ஒரு தாய் சொல்லும்போது வருகிறது. சம்பள விடுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் அந்தச் சொல் காணாமல் போகிறது. 2017 திருத்தம் நிறுவன வேலையில் இருப்பவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஆக்கியது. களை எடுக்கப் போகிறவளுக்கு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக வரும் 18,000 ரூபாய், அதுவும் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்ணும், பிள்ளை பிறக்காத பெண்ணும் முழுப் பெண்கள். "மலடி" என்ற சொல்லுக்கு ஆண்பால் புழக்கத்தில் இல்லை என்பதை யோசியுங்கள்.

அப்படியென்றால் நீங்கள் கேட்பது என்ன?

மகப்பேறு செவிலியர். இலங்கை தாய் மரணத்தைக் குறைத்ததில் ஊர் ஊராகப் போன குடும்பநல மாதர்களுக்கு, அதாவது அந்த நாட்டு மகப்பேறு செவிலியருக்கு, பெரிய பங்கு உண்டு. இந்தியாவும் 2018 டிசம்பரில் தனி மகப்பேறு செவிலியரைப் பயிற்றுவிக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 18 மாதப் பயிற்சி. சிக்கல் இல்லாத பிரசவத்தை அவர்களே முழுதாகப் பார்ப்பார்கள், டாக்டர் கூப்பிடும் தூரத்தில் இருப்பார். குந்தவும் நடக்கவும் விடுவார்கள். அம்மாச்சியின் மருத்துவச்சியிடம் இருந்த கை, பக்கத்து அறையில் ரத்தம், வாசலில் ஆம்புலன்ஸ், அந்தச் செவிலிக்குச் சம்பளமும் மரியாதையும். இவை ஒரே கட்டிடத்தில் இருக்க முடியும்.

எனக்கு அடுத்த மாதம் தேதி. என்ன கேட்டுவைக்கட்டும்?

பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று அரசு விதியே இருக்கிறது, முன்கூட்டியே பெயர் சொல்லிவையுங்கள். பிள்ளை பெற்று பழக்கமுள்ள அக்காவோ சித்தியோ நல்லது. வலி ஆரம்பத்தில் நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா என்று கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் இரண்டுக்கும் சரி என்கிறது, எல்லோருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டுவது வேண்டாம் என்றும் சொல்கிறது. வெட்டத்தான் வேண்டும் என்றால் மரப்பு ஊசி போட்ட பிறகு வெட்டவும் தைக்கவும் சொல்லுங்கள். வலி வர ஊசி போட்டால் எதற்கு என்று உங்கள் துணை கேட்கட்டும்.

காப்பர்-டி வேண்டுமா வேண்டாமா என்பதை ஏழாம் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லி, அட்டையில் எழுத வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பையில் வைக்காதீர்கள். அங்கேயே நின்று, ஒவ்வொரு வரியும் என்ன என்று செவிலியிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் இருக்கும் முத்திரையையும் சேர்த்து.